நாய் உள்ளே, நாய்க்காரர் எங்கே?

சென்ற இதழில் வந்த ‘டெரியர் பிறக்கிறது, பழக்கப்படுவதில்லை’ என்ற கட்டுரையைப் படித்தேன். நாய்களுக்குப் பேச்சு வராதது அதை எழுதியவருக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம்.

கட்டுரையாளர் வட இங்கிலாந்தில் நீண்ட காலம் டெரியர் வைத்திருந்தவர், நரி வளைகளில் நாயை இறக்கியவர் என்கிறது அறிமுகக் குறிப்பு. இருக்கட்டும். அவர் வாதத்தை அவர் சொன்னபடியே முதலில் வைத்துவிடுகிறேன். திரித்துவிட்டேன் என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது. வேலை செய்யும் டெரியருக்கு வேண்டியதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கிறது, ஆள் வளையைக் காட்டினால் போதும். உள்ளே போய் நிற்பது நல்ல நாய். பாதியில் வெளியே வருவது கோழை. அதைக் கழித்துக்கட்டுவது இனத்துக்குச் செய்யும் நன்மை. முகத்துத் தழும்பு நாய்க்குப் பதக்கம். சிக்னல் பட்டை, மருத்துவர், சட்டம் மூன்றும் நகரத்து ஆட்கள் கொடுக்கிற செல்லம். இவ்வளவுதான் கட்டுரை. மீதி எல்லாம் மீசை முறுக்கல்.

இந்தக் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. நாய் ஜெயித்தால் வரவு வளர்த்தவர் பெயரில், தோற்றால் பற்று நாயின் ரத்தத்தில். எந்தப் பக்கம் புரட்டினாலும் நாய்க்காரருக்கு நஷ்டமே வராத பேரேடு இது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைச் சொன்னதோடு விட்டாள், இடித்துத் தள்ளச் சொல்லவில்லை.

மண்ணுக்கடியில் நாயை விட்டு நரியைக் கிளப்பும் வேலையே தேவையா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது வேறு வழக்கு, இங்கே அதை இழுக்கவில்லை. அந்த வேலையைச் செய்கிறவர், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் செய்கிறவர், தன் நாய்க்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பது மட்டுமே என் கேள்வி. ‘ஒன்றும் இல்லை’ என்பது அவர் பதில். அந்தப் பதிலுக்குத்தான் இந்த எதிர்வினை.

முதலில் அவர் கூண்டில் ஏற்றியிருக்கும் சாட்சி. ஜான் ரஸ்ஸல் பாதிரியாரின் பெயரைச் சொல்லி, ‘அவர் நாய்களுக்கு யார் பாடம் எடுத்தார்கள்?’ என்று கேட்கிறார். இந்தச் சாட்சியை அவர் விசாரிக்காமலேயே கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது. ரஸ்ஸல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து வாங்கிய ‘ட்ரம்ப்’ என்ற பெட்டை நாயிலிருந்துதான் அந்த வம்சக் கதை தொடங்குகிறது. பிறகு டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்துகொண்டே வேட்டையில் ஊறிப்போனார். அந்த வேட்டையில் டெரியரின் வேலை என்ன? குதிரைகளும் வேட்டை நாய்களும் துரத்தி வரும் நரி வளைக்குள் பாய்ந்துவிடும். டெரியர் உள்ளே போய்க் குரைத்து, நெருக்கி, நச்சரித்து நரியை மறுபடி வெளியே ஓட வைக்க வேண்டும். நரியை உள்ளேயே கொன்றுபோட்டால் அன்றைய வேட்டை அதோடு முடிந்தது; குதிரையில் வந்த அத்தனை பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே ரஸ்ஸலுக்கு வேண்டியிருந்தது நிதானம் தெரிந்த நாய். எட்ட நின்று குரைக்கத் தெரிந்த, வேட்டை நாய்க் கூட்டத்துக்குள் சண்டை போடாமல் நாள் முழுக்க ஓடத் தெரிந்த, கூப்பிட்டால் வருகிற நாய். நம் கட்டுரையாளர் கொண்டாடும் ‘விடாப்பிடி வீரன்’ அந்தப் பாதிரியாரிடம் ஒரு வாரம்கூட வேலையில் நீடித்திருக்க மாட்டான்.

ஸீலிஹாம் டெரியரை உருவாக்கிய கேப்டன் எட்வர்ட்ஸ் பயந்த குட்டிகளைச் சுட்டுத் தள்ளினார் என்ற கதையையும் ரசித்து ரசித்துச் சொல்கிறார். ஊர் ஊராகச் சொல்லப்படும் கதை அது. நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். சுடப்பட்ட குட்டிகள் இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் எப்படி ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? செத்த குட்டி சாட்சி சொல்லாது. மிஞ்சியதை மட்டும் எண்ணிப் பார்த்து ‘என் முறை சரி’ என்று சொல்வதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை.

ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தரையில் ஒரு குழாயைப் போட்டால் ஸ்பானியல் குட்டி முகர்ந்துவிட்டு நகரும், டெரியர் குட்டி தலையை உள்ளே விடும். அந்த ஆசை பிறவியிலேயே வருகிறது, மறுக்க முடியாது. எப்போது உள்ளே போவது, எந்த வளைக்குள் போகக்கூடாது, எவ்வளவு நேரம் நிற்பது, எதிரில் இருப்பது எது, கூப்பிட்டால் திரும்புவதா வேண்டாமா என்பதெல்லாம் பிறவியில் வருவதில்லை. சொல்லப்போனால் ஆசை எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆளின் பொறுப்பு கூடுகிறது. தானாக நிறுத்தத் தெரியாத ஒன்றை நிறுத்த வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் கட்டுரையில் இல்லாத ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாய் இன்னும் கயிற்றில் இருக்கிறது. ஆள் மட்டும் வளையருகே போய்க் குனிகிறார். வாயின் வடிவம் என்ன? அகலம் கூடி, உயரம் குறைந்து, ஆங்கில ‘டி’ எழுத்தைத் தட்டைப் பக்கம் கீழே வரும்படி படுக்கவைத்த மாதிரி இருந்தால் அது பேட்ஜர் குடியிருக்கும் வளை. நரியின் வளைவாய் பெரும்பாலும் உயரவாக்கில் இருக்கும். வாசலில் வண்டி வண்டியாக மண் வெளியே தள்ளப்பட்டிருக்கிறதா? மண்ணோடு காய்ந்த புல், பழைய படுக்கைச் சருகு கலந்து கிடக்கிறதா? பக்கத்தில் சின்னச் சின்னக் குழி பறித்து அதில் சாணமிட்டிருக்கிறதா? இவை இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நரி வழி கிடைத்தால் ஓடிவிடும். பேட்ஜர் ஓடாது. குட்டைக் காலும் பார உடம்பும் கொண்ட அந்தப் பிராணி வளையை அடைத்துக்கொண்டு திரும்பி நின்று கடிக்கும், அதன் தாடை கவ்வினால் எலும்பு நொறுங்கும். மழைக்குப் பிறகு மண் எப்படி இருக்கிறது, மேலே மரவேர் இருக்கிறதா, பாறை இருக்கிறதா, தோண்ட வேண்டி வந்தால் எங்கிருந்து தோண்டுவது என்பதையும் அப்போதே பார்த்துவைக்க வேண்டும். இதில் எதையும் நாய் பார்க்காது. அதற்குத் தெரிவது வாசனையும் இருட்டும்தான். ‘வளையைக் காட்டினால் போதும்’ என்று எழுதிய கை, இந்தப் பத்து நிமிட வேலையை ஒரே வாக்கியத்தில் துடைத்துப் போட்டிருக்கிறது.

நாய் உள்ளே போன பிறகு ஆளுக்கு வேலை இல்லை என்கிறார். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது, அந்த வேலையின் முக்கால் பங்கு காதால் செய்வது. ஒரே இடத்திலிருந்து சீராக வரும் குரைப்பு என்றால் நாய் நரியை நிறுத்திவைத்து எட்ட நிற்கிறது. குரல் நகர்ந்தால் நரி நகர்கிறது. குரைப்பு முனகலானால் நாய் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கலாம். திடீர் மௌனம்தான் எல்லாவற்றிலும் மோசம்: கவ்விக்கொண்டிருக்கிறதா, மண் சரிந்ததா, வேறு கிளைக்குள் போய்விட்டதா என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. தரையில் காதை வைத்துப் படுத்துக் கேட்கும் ஆளுக்குத் தன் நாயின் குரல் எல்லா விதத்திலும் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் குட்டிப் பருவத்திலிருந்து கூடவே இருந்தால்தான் வரும். வேலை நாளன்று மட்டும் கூண்டைத் திறப்பவருக்கு எல்லாக் குரைப்பும் ஒன்றுதான்.

சிக்னல் பட்டையைக் கட்டுரையாளர் கேலி செய்கிறார். ‘எங்கள் தாத்தன்மார் அது இல்லாமலே வேட்டையாடினார்கள்.’ ஆடினார்கள், மறுக்கவில்லை. தாத்தன்மாரின் நாய்கள் எத்தனை பாறைக்கடியில் செத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆங்கிலேய ஏரி மாவட்டத்து மலைகளில் நரிகள் தங்குவது மண் வளையில் குறைவு, சரிந்து குவிந்த பாறைக் கூட்டங்களில் அதிகம். அங்கே இறங்கும் டெரியர் ஒரு பிளவில் வழுக்கி விழுந்தால் திரும்ப ஏற முடியாது. இப்படி மாட்டிக்கொள்ளும் நாய்களை மீட்கவே 1967இல் ‘ஃபெல் அண்டு மூர்லண்ட் வொர்க்கிங் டெரியர் கிளப்’ தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்கள் நகரத்து ஆட்கள் அல்லர், அதே மலைகளில் அதே நாய்களை வைத்திருந்தவர்கள். பாறையைப் புரட்டிப் புரட்டிக் கை காய்த்த தாத்தன்மாரே ‘தனியாகச் சமாளிக்க முடியாது’ என்று ஒப்புக்கொண்டு கிளப் வைத்தார்கள். பேரன் வந்து பேட்டரி போட்ட பட்டையைச் செல்லம் என்கிறார்.

அந்தப் பட்டை செய்வது சின்ன வேலை. நாயின் கழுத்தில் இருக்கும் கருவி சிக்னல் அனுப்புகிறது, மேலே ஆள் கையில் வைத்திருக்கும் பெட்டி அதைப் பிடித்துச் சத்தமிடுகிறது. நாய் எந்த இடத்தில், ஏறக்குறைய எவ்வளவு ஆழத்தில் என்று தெரிகிறது. தெரிந்தால் நேராக அதன் மேல் தோண்டலாம். தெரியாவிட்டால் வயலெல்லாம் தோண்டலாம், நாய் காத்திருக்கும், காற்று காத்திருக்காது.

‘ஒரு நாய் தயங்கினால் பின்னாலேயே இன்னொன்றை அனுப்புங்கள், தைரியம் வரும்’ என்றொரு யோசனையும் அதில் இருக்கிறது. இதை அச்சில் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம் வந்தது. யாராவது படித்துவிட்டுச் செய்து பார்ப்பார்களே! வளை என்பது நாயின் மார்பு நுழையும் அளவுக்கே இருக்கும் ஒற்றைப்பாதை. முன்னால் இருக்கும் நாய் கடியைத் தவிர்க்க ஒரு முழம் பின்வாங்க வேண்டும், அந்த ஒரு முழம்தான் அதன் உயிர். பின்னால் இன்னொரு நாய் முட்டிக்கொண்டு நின்றால் அந்த முழம் போயிற்று. முன்நாய் நேராக நரியின் வாயில் போய் நிற்கும். வருகிற காற்றையும் பின்நாய் அடைத்துக்கொள்ளும். தைரியம் வருவதாக மேலே நிற்பவருக்குத் தோன்றுவது, தப்பிக்க வழியில்லாத பிராணி போடும் கூச்சல்.

இனி ‘கோழை’க்கு வருவோம், கட்டுரையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. வளையிலிருந்து வெளியே வந்த நாய் எதற்காக வந்தது? ஒரு வயது முடியாத குட்டியை, பல்லும் புத்தியும் முற்றாத நிலையில், முதல் நாளே ஆழமான வளையில் இறக்கியிருக்கலாம். முந்தின வாரக் காயம் ஆறாமல் இருக்கலாம். தண்ணீர் தராமல் மூன்று மணி நேரம் வண்டியில் வைத்திருந்திருக்கலாம். உள்ளே நரியே இல்லாமலும் இருக்கலாம்! அப்போது வெளியே வந்தது கோழைத்தனமா, உண்மை சொன்னதா? வெறும் வளையிலிருந்து திரும்பிய நாயைத் திட்டி, உதைத்து மறுபடி உள்ளே தள்ளினால் அது ஒன்றைக் கற்றுக்கொள்ளும்: வெளியே வந்தால் அடி, உள்ளே நின்று குரைத்தால் பாராட்டு. அடுத்த முறை வெறும் சுவரைப் பார்த்துக் குரைக்கும். பழகியவர்களுக்கு இந்தப் பொய்க்குரைப்பு நன்றாகத் தெரியும். அந்தக் குரலை நம்பி இரண்டு ஆள் ஆழம் தோண்டிப் போனால் கீழே வாலாட்டிக்கொண்டு நாய் மட்டும் நிற்கும். பிறவியில் வராத இந்தப் பொய்யை அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? பயிற்சியே வேண்டாம் என்று சொல்கிறவரும் ஓயாமல் பயிற்சி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமல்.

‘இல்லை’ என்று நாய் சொல்வதற்கு என்ன விலை என்று அறிய அவர் தென் ஜார்ஜியா தீவு வரை போய் வரலாம். அண்டார்க்டிக் பக்கத்துத் தீவு. சீல் வேட்டைக்கும் திமிங்கில வேட்டைக்கும் வந்த கப்பல்களிலிருந்து இறங்கிய எலிகள் அங்கே இருநூறு ஆண்டுக்கு மேல் தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. உலகில் வேறெங்கும் இல்லாத பிப்பிட் என்ற சிறு பாட்டுப் பறவை எலி ஏறாத குட்டித் தீவுகளில் ஒண்டிக் கிடந்தது. 2011, 2013, 2015 என்று மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் விஷ உணவு தூவினார்கள். எலி செத்ததா? ஒரு சினை எலி மிஞ்சினாலும் அத்தனை செலவும் வீண். அதைப் பார்க்க 2017-18 கோடையில் வேறு கருவிகளோடு மூன்று டெரியர்களையும் இறக்கினார்கள்; அவற்றின் பெயர்கள் வில், ஆஹு, வாய். கூடவே நியூசிலாந்திலிருந்து வந்த இரண்டு பெண் நாய்க்காரர்கள். அந்த நாய்கள் மொத்தம் 2,420 கிலோமீட்டர் தேடின, அந்தப் பெண்கள் 1,608 கிலோமீட்டர் நடந்தார்கள். பனியிலும் வழுக்குப் பாறையிலும் நாய் மூன்றடி போனால் ஆள் இரண்டடி போயிருக்கிறார். வளையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளவில்லை.

மூன்று நாய்களும் ஒரு எலியைக்கூடக் காட்டவில்லை. 2018 மே மாதம் தீவு எலியற்றது என்று அறிவித்தார்கள். மாதக்கணக்கில் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய டெரியர்களின் சொல்லை அறிவியலாளர்கள் நம்பினார்கள். நம் கட்டுரையாளரின் கணக்குப்படி அவை மூன்றும் கழிக்க வேண்டிய நாய்கள். எலி இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் பொய் சொல்லாது என்ற நிலைக்கு அவற்றைக் கொண்டுவந்தது எந்த ரத்தம்? நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு நாய்த் திட்டத்தில் நாய்க்குத் தனியாகச் சான்றிதழ் தருவதில்லை. நாயும் ஆளும் ஜோடியாகத் தேர்வுக்கு நிற்க வேண்டும். வேலை நேரத்தில் நாய்க்கு வாய்ப்பூட்டு உண்டு, காக்க வேண்டிய பறவையையே கவ்விவிடக்கூடாது என்பதற்காக. ஜோடியில் ஆள் தோற்றால் ஜோடியே தோற்கும். இந்த விதியை நம் ஊர்ப் பக்கம் யாராவது அவருக்கு விளக்கினால், தேர்வு மண்டபத்துக்கு நாயை மட்டும் அனுப்பிவைப்பார்.

தழும்புப் பதக்கத்தைப் பற்றி அதிகம் பேச எனக்குப் பொறுமை இல்லை. நரியின் கோரைப்பல் மூக்கில் இறங்கினால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே ஆழம், அந்த ஆழத்தில் வளையின் மண். அன்று மாலை நாய் வாலாட்டும், சாப்பிடும். இரண்டு நாள் கழித்து முகம் வீங்கும். ஆகையால் வேலை முடிந்த கையோடு கண்ணிலும் இமைக்குள்ளும் அப்பிய மண்ணை உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டும், உதட்டைத் தூக்கிக் கீழ்த்தாடையின் உட்பக்கம் பார்க்க வேண்டும், பல், நகக்கண், தொடையிடுக்கு என்று விரலால் தடவித் தேட வேண்டும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டிலேயே பசை போட்டு ஒட்டுகிறவர்கள், தையல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது. எலி வேலைக்குப் போகும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது. இதில் எது செல்லம்? ஒன்று சொல்லவா, பதக்கம் என்பது வாங்கியவர் விரும்பி அணிவது. நாயைக் கேட்டீர்களா?

சட்டம் நகரத்தார் எழுதியது என்கிறார். எழுதியவர் எந்த ஊர் என்பதை விட்டுவிட்டு எழுதியிருப்பதைப் படிக்கலாமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18 முதல் நடப்பில் இருக்கும் 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், நாயை நிலத்தடியில் இறக்க ஒரு சின்னச் சந்துதான் விட்டிருக்கிறது. சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளைக் காக்க மட்டும். நிலம் தன்னுடையது என்ற எழுத்துச் சான்றோ நிலத்துக்காரரின் எழுத்து அனுமதியோ கையில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாய்தான் உள்ளே. நரி கூடிய விரைவில் வெளியே கிளப்பப்பட வேண்டும். நாய்க்குக் காயம் வராமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். கடைசி வரியை அவர் இரண்டு முறை படிப்பது நல்லது: நாயின் காயம் அங்கே ஆளின் பொறுப்பு, நாயின் விதி என்று அதில் எங்கும் இல்லை. ‘இன்னொன்றை அனுப்புங்கள்’ என்ற அவர் யோசனையை அங்கே செய்தால் அது குற்றம்.

இன்னொன்றும் உண்டு, அவர் கண்ணில் படாதது போலிருக்கிறது. பிரிட்டனின் 1992ஆம் ஆண்டு பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி பேட்ஜர் வளைக்குள் நாயை அனுப்புவதே குற்றம். குற்றம் நிரூபணமானால் ஆளுக்குத் தண்டனை, அதோடு அங்கே இருந்த நாயைக் கொல்லவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். வளைவாயைக் குனிந்து பார்க்க ஆள் சோம்பல்பட்டால், பேட்ஜரிடம் தப்பி வந்த நாயும் நீதிமன்றத்தில் தப்பாமல் போகலாம். ‘எல்லாம் நாயின் ரத்தம்’ என்ற கொள்கையை இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடிக்கும் இடம் வேறெங்கும் இல்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், தன் வம்சத்துக் குட்டிகள் இரண்டு விலைக்கு இருப்பதாகவும் ‘ரத்தத்துக்கு நான் உத்தரவாதம்’ என்றும் சொல்லியிருக்கிறார். வாங்கப் போகிறவர்கள் ரத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் அவருடைய வண்டியின் பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மண்வெட்டி இருக்கிறதா, கடப்பாரை இருக்கிறதா, சிக்னல் பெட்டியும் மாற்று பேட்டரியும் இருக்கின்றனவா, நாய்க்குத் தண்ணீரும் போர்வையும் உப்புநீரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து மருத்துவரின் எண் கேளுங்கள், போனைப் பார்க்காமல் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பிறகு தாய் நாயைக் கயிறு அவிழ்த்து வயலில் விடச் சொல்லி, ஒரே ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.